காடிக்குப் பின்னால் நின்று சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பதினொரு பேர் முன்னிலையில், நான் பார்த்த ஒன்றைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதனால் யாரும் சாகவில்லை. யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒரு மனிதர் தம் கையை நம்பாமல் போனார், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அதை எழுதி வைப்பதில் எனக்கு வெட்கமில்லை. எழுதாமல் போவதில்தான் இருக்கிறது.

அவரை எல்லோரும் வயர்மேன் என்றார்கள். நான் அண்ணே என்பேன். பெயர் எனக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகளைக் கேட்காமல் இங்கே போட மனம் வரவில்லை. மலாக்காவில் காஜா பெராங் சடக்கில், அதாவது சாலையில், மலாய் பேசும் பழந்தமிழ் வம்சத்தினரான சிட்டி மக்கள் குடியிருக்கும் பகுதியைத் தாண்டினால், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் தகரக் கூரை போட்ட பட்டறை இருந்தது. காடி என்று நாங்கள் சொல்லும் கார்களுக்கு விளக்கு, ஹாரன், பேட்டரி, டைனமோ வேலைகள் எல்லாம் அங்கே நடக்கும். எஞ்சினைத் தொட மாட்டார். “எண்ணெய் வேல வேற, கம்பி வேல வேற” என்பார். மெக்கானிக்குகளின் கை போல அவர் கை கறுத்திருக்காது. நகங்கள் பள்ளிக்கூட வாத்தியாருடையவை போலச் சுத்தமாக இருக்கும். கம்பியின் மேலுறையை மட்டும் பல்லால் உரிப்பார். அப்படி உரித்து உரித்து முன்பல் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சிரிக்கும்போது அதுதான் முதலில் தெரியும்.

பற்றவைக்கும் இரும்பைக் கரியடுப்பில் காயவைப்பார். இரும்பு சூடாக இருக்கும்வரை யார் எதைக் கேட்டாலும் “ம்” என்று மட்டும்தான் பதில் வரும். ஈயம் உருகி, கம்பியைச் சுற்றி ஓடி, வெள்ளிக் காசு போல மின்னி, பிறகு மங்கும். மங்கிய பிறகு ஊதிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கி, “இப்ப சொல்லுங்க, என்ன கேட்டீங்க?” என்பார். கேட்டவர் சில சமயம் போயே போயிருப்பார்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். அவரை அவராக்கிய பழக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் காரின் சொந்தக்காரரைப் பார்த்து, “பின்னால போய் நில்லுங்க” என்பார். தாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சுவிட்சைப் போடுவார்.

“என்ன தெரியுது?”

“எரியுது.”

“எரியுதுன்னா? என்ன கலர், எத்தனை?”

“செவப்பு. ரெண்டு.”

பிரேக்கை மிதிப்பார். “இப்ப?”

“ரெண்டும் பளிச்சுன்னு வருது.”

அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுப்பார். தாமே இறங்கிப் போய்ப் பார்த்தால் ஆகாதா என்று கேட்டவர்கள் உண்டு. “நான் செஞ்ச வேல எனக்கு எப்பவும் நல்லாத்தான் தெரியும். என் கண்ணு எனக்குத் தாட்சண்யம் பார்க்கும். உங்க கண்ணு பார்க்காது” என்பார்.

ஒரு முறை ஒரு தோட்டத்துத் துரையின் கார் வந்தது. அரைக்கால் சட்டை, சுருட்டு, கூடவே சீருடை போட்ட டிரைவர். வேலை முடிந்து “பின்னால நில்லுங்க” என்றதும் டிரைவர் பின்னால் போனார்.

“காடி யாருது?” என்றார் வயர்மேன்.

“துரையோடது.”

“அப்ப துரை நிக்கட்டும்.”

 டிரைவர் மலாயில் விஷயத்தைச் சொன்னதும் துரை ஒரு கணம் யோசித்தார். பிறகு சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெயிலில், தம் சொந்தக் காரின் பின்னால் போய் நின்று, “மேரா. துவா” என்று ஒப்பித்தார். சிவப்பு, இரண்டு. சடக்கில் பலகாரக் கூடையோடு போய்க்கொண்டிருந்த சிட்டி அம்மா ஒருவர் நின்று பார்த்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு போனார். நாடு சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த காலம். கூட்டங்களில் நான் கேட்ட எந்தப் பேச்சும் அந்த ‘மேரா, துவா’ அளவுக்கு என்னை நிமிர்த்தவில்லை.

நான் அப்போது துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். இளைஞர் மன்றம் ஒன்றின் செயலாளராகவும் இருந்தேன். மன்றத் தலைவர் மளிகைக்கடைக்காரர். கம்பம் என்று சொல்லும் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய்க் கூட்டம் போட, தம் பழைய ஆஸ்டின் காரை மன்றத்துக்குத் தந்திருந்தார். ஒலிபெருக்கி, பேட்டரிகள், மடக்கு நாற்காலிகளை ஏற்ற இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் வாங்கினோம். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பது. வயர்மேன் அதை வால்வண்டி என்பார். உரிமம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஓட்டுவது என் வேலை.

டிரெய்லரைப் பூட்டினால் காரின் பின்விளக்கு மறைந்துவிடும். ஆகவே டிரெய்லரின் பின்புறம் தனி விளக்குகள் வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க காரின் பம்பருக்கு அடியில் ஒரு சாக்கெட். அதை மாட்ட வயர்மேன் ஒரு முழுக் காலைப் பொழுதை எடுத்துக்கொண்டார். பின்விளக்குக்கு ஒரு கம்பி, பிரேக் விளக்குக்கு ஒரு கம்பி. மூன்றாவதாக ஒரு கறுப்புக் கம்பியை எடுத்து, காரின் அடிச்சட்டத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கினார்.

“இது எதுக்குண்ணே? டவுன்ல ரெண்டு கம்பிதானே போடறாங்க?” என்றேன்.

“போன கரண்டு திரும்பி வரணும்ல. டவுன்காரன் அதைக் கொக்கி வழியா வரச் சொல்றான். கொக்கியில கிரீஸு, துரு, மண்ணு. நிக்கிறப்ப எரியும். சடக்குல குதிச்சா நின்னு போகும். கொக்கி வண்டிய இழுக்கட்டும், கிராணியாரே. கரண்டுக்கு அது வேணாம்.”

முடிந்ததும் பின்னால் நிற்கச் சொன்னார். நின்றேன். சிவப்பு, இரண்டு. மிதித்தார். பளிச்சென்று வந்தன. சொன்னேன். சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: “கழட்டறப்ப மொதல்ல பிளக்கு, அப்புறம் கொக்கி. மறந்து மாத்திச் செஞ்சா, வண்டியோட பாரம் முழுக்க கம்பி மேலதான் விழும்.”

மூன்று மாதம் மறக்கவில்லை.

கிளேபாங்கில் கடற்கரையை ஒட்டிய திடலில் ஒரு பிற்பகல் கூட்டம். மேடைக்குப் பக்கத்தில் டிரெய்லரைத் தள்ள வேண்டியிருந்தது. பேச்சாளர் வந்து நின்றுவிட்டார், ஒலிபெருக்கி இன்னும் இறங்கவில்லை. நான் அவசரத்தில் கொக்கியைத் தூக்கிவிட்டேன். இரண்டு பேர் தள்ளினார்கள். டப் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், பிளக் சாக்கெட்டிலேயே இருந்தது. சாக்கெட்டின் பின்னால் கறுப்புக் கம்பி பிய்ந்து தொங்கியது.

அதைக் கண்ணால் பார்த்தேன். கையால் எடுத்து, வெளியே தெரியாதபடி பம்பருக்குப் பின்னால் செருகினேன். கூட்டம் முடிந்து டிரெய்லரைப் பூட்டியதும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. கொக்கி வழியாக எரிகிறது என்று எனக்குத் தெரியும். காஜா பெராங் அப்படியென்ன தூரம், இதுவே போதும் என்று கிளம்பினேன்.

இருட்டத் தொடங்கும் நேரம், தூறல். எதிரே ஒரு லாரி வந்தது. வழிவிட ஓரமாக நிறுத்தினேன். பின்னால் ஒரு மோதல். இறங்கி ஓடினேன். சடக்கு முழுக்க ரொட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. சைக்கிளில் ரொட்டி விற்கும் பாய், எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தவர், பள்ளத்தில் கிடந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: “விளக்கு இல்லையே, தம்பி?”

டிரெய்லரின் பின்புறம் இருண்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த லாரி மெல்ல ஊர்ந்து கடந்த அதிர்வில், இரண்டு விளக்குகளும் ஒரு முறை மின்னி மறுபடி அணைந்தன.

பாய்க்குத் தோள் எலும்பு முறிவு. பிழைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலைவரின் கடை மாடியில் இருந்த மன்றத்தில் விசாரணை. வயர்மேனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. வாசற்படி ஓரமாக நின்றார்.

“உங்க வேலதான் லைட்டு. எரியல. என்ன சொல்றீங்க?” என்றார் தலைவர்.

“எரிஞ்சுது தலைவரே. கிராணியார் பின்னால நின்னு சொன்னாரு.” என் பக்கம் திரும்பினார். “சொன்னீங்கல்ல? செவப்பு, ரெண்டுன்னு?”

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். மெர்டேக்கா இரவு, அதாவது நாடு விடுதலை பெறும் இரவு, ஊர்வலத்துக்கு நான்தான் மன்றத்தின் வண்டியை ஓட்டுவதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இருக்கை போகும், செயலாளர் பதவி போகும், ஒரு மனிதரின் எலும்பை உடைத்தவன் என்ற பெயர் நிற்கும்.

“அவசரமா சொல்லிட்டேன் அண்ணே. சரியா பார்க்கல” என்றேன்.

 அவர் கீழே இறங்கிப் போய், கடை முன்னால் நின்ற ஆஸ்டினுக்கு அடியில் படுத்தார். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அந்தக் கறுப்புக் கம்பியின் முனை அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

“கம்பி அறுந்துபோகல. ஒட்டு விட்டுருக்கு,” என்றார். “என் ஒட்டுதான்.”

இழுத்துப் பிய்ந்த ஒட்டும், சரியாகப் பிடிக்காமல் தானே விட்டுப்போன ஒட்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும் என்று பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார். வித்தியாசம் கண்டுபிடிக்க என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். தெரிந்தவன் நான், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்று முதல் அவர் டிரெய்லர் சாக்கெட் மாட்டுவதை விட்டார். மற்ற வேலைகளில் ஒவ்வொரு ஒட்டையும் வைப்பார், இழுத்துப் பார்ப்பார், உருக்கி எடுத்து மறுபடி வைப்பார். அரைநாள் வேலைக்கு இரண்டு நாள் ஆனது. பொறுமை இழந்தவர்கள் டவுனுக்குப் போனார்கள். “பின்னால போய் நில்லுங்க” என்று சொல்வதும் நின்றுபோனது. தாமே இறங்கிப் பின்னால் வருவார், பார்ப்பார், போய் உட்காருவார், மறுபடி இறங்கி வருவார்.

பொழுது சாயும் வேளையில் காஜா பெராங் முச்சந்தியில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிற்பார். வருகிற வண்டிகளை அவர் பார்க்க மாட்டார். போகிற வண்டிகளின் பின்புறத்தை மட்டும் பார்ப்பார். தாம் வேலை செய்த கார் ஏதாவது போனால் அது மறையும்வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே நிற்பார். நான் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் சைக்கிளில் வர வேண்டும். வேறு சந்து வழியாக வரப் பழகிக்கொண்டேன்.

மெர்டேக்கா ஊர்வலத்தில் எங்கள் டிரெய்லர் வண்ண பல்புகளோடு போனது. அந்த வேலையைத் தாம் செய்வதாக வயர்மேன் வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வைத்திருந்தார். டவுன் ஆள் செய்தார். கூட்டம் கை தட்டியது. நான் ஓட்டிக்கொண்டே பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். எல்லோரும் மேலே அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் குனிந்து, கீழே, சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார். நாடு விடுதலையான மகிழ்ச்சி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதற்குள் அந்தக் குனிந்த தலையும் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் ரொட்டி பாய் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா அந்த வயர்மேன் கேப்பாரு.”

“என்ன பாய்?”

“என் சைக்கிளுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு லைட்டு போட்டுக் குடுத்தாரு. சரி, நல்ல மனுஷன்னு வாங்கிக்கிட்டேன். இப்ப மாசா மாசம் வந்து எரியுதா எரியுதான்னு பார்க்கிறாரு. என் தோளு ஆறிப்போச்சு. ரெண்டு மூட்டை மாவு தூக்குறேன். இவரு வந்து வாசல்ல நிக்கிறப்ப எனக்குத்தான் பழைய வலி ஞாபகம் வருது. வர வேணாம்னு சொல்லுங்க தம்பி. மனசு நோகாம சொல்லுங்க.”

அன்று இரவு தூங்கினேனா என்று கேட்க வேண்டாம். காலையில் கிடங்குக்குப் போகாமல் பட்டறைக்குப் போனேன். அடுப்பில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அது ஆறட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: கொக்கியை முதலில் தூக்கினேன். பிளக்கைக் கழற்றவில்லை. கம்பி பிய்ந்ததைப் பார்த்தேன். மறைத்தேன். நீங்கள் மாட்டிய அன்று விளக்கு நன்றாக எரிந்தது. இரண்டு. சிவப்பு. நன்றாகவே பார்த்தேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கேள்வி கேட்டார்.

“வண்டிய எத்தனை பேரு தள்ளினாங்க?”

“ரெண்டு பேரு.”

“உள்ள சாமான் இருந்துச்சா?”

“பேட்டரி, நாற்காலி, எல்லாம் இருந்தது.”

“சத்தம் வந்துச்சா?”

“டப்புன்னு ஒரு சத்தம்.”

“ஒரே சத்தமா, ரெண்டா?”

“ஒண்ணுதான்.”

அவர் எழுந்துபோய் ஒரு பால்டின்னைக் கவிழ்த்தார். கம்பித் துண்டுகளுக்கிடையிலிருந்து அந்தக் கறுப்புக் கம்பி வந்தது. இரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறார். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு துண்டுக் கம்பிகளை எடுத்து, ஈயம் வைத்து ஒட்டினார். ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையில் ஒரு பழைய பேட்டரியைத் தொங்கவிட்டார். ஒட்டு நின்றது. இன்னொரு பேட்டரி. நின்றது. மூன்றாவதைத் தூக்கி மாட்டிக் கையை எடுத்ததும், டப். ஒரே சத்தம். புதிதாகப் பிய்ந்த முனையைப் பழைய முனைக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தார். வலது கையை விரித்துத் தொடையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். முன்பல்லின் பள்ளம் தெரிந்தது. சிரிக்கிறார் என்று சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது.

“அப்ப கை நல்லாத்தான் இருந்திருக்கு,” என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, கிராணியாரே. எனக்கு இப்ப நல்லா இருக்கு. நீங்க இங்கயே நின்னா கொஞ்ச நேரத்துல கோபம் வந்துரும். போய்ட்டு வாங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே பதினொரு பேர் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் கணக்கு உதைத்த கணக்குப்பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, “நல்லா பேசறீங்க. இந்தப் பேச்சை ரெண்டு வருஷம் எங்க வச்சிருந்தீங்க?” என்றார். செயலாளர் பதவி போனது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். படியிறங்கும்போது கால்கள் இலேசாக இருந்தன. பாயின் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் நெடுநேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அவரு மாசா மாசம் வந்தது உங்க தப்புக்காகவா?” என்றார். ஆமாம் என்றேன். “இனிமே நீங்க வந்து பாருங்க” என்றார். ஒரு வருடம் போய்ப் பார்த்தேன்.

மன்றத்து ஆஸ்டினுக்கு வயர்மேனே மறுபடி சாக்கெட் மாட்டினார். அன்று என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ரொட்டி பாயையும் கூப்பிட்டிருந்தார். மூன்றாவது கறுப்புக் கம்பியை முடுக்கி முடித்து, இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

“பின்னால போய் நில்லுங்க.”

இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லைப் பட்டறையில் யாரும் கேட்டிருக்கவில்லை. போய் நின்றேன்.

“பாய், நீங்களும் அவரு பக்கத்துல நில்லுங்க. எனக்கு அவரு கண்ணு மட்டும் போதாது.”

பாய் சிரித்துவிட்டார். நானும்தான். சிவப்பு, இரண்டு என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

வேலை திரும்பி வந்தது. முச்சந்தியில் நிற்பது நின்றது. பிற்காலத்தில் நான் சொந்தமாகக் கார் வாங்கியபோது அவரிடம்தான் விடுவேன். வேறு யாராக இருந்தாலும் தனியாக நிற்க விடுவார். என் கார் என்றால் மட்டும் சடக்கில் போகிற ஒருவரைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்துவார். பலகாரம் விற்கும் அந்தச் சிட்டி அம்மா பல தடவை எனக்குச் சாட்சி நின்றிருக்கிறார். நான் சொல்லி முடித்ததும், “பெத்துல், பெத்துல்” என்பார், சரிதான் சரிதான் என்று. வருடக்கணக்கில் இது நடந்தது. எனக்கு அவமானமாக இல்லை. மன்னித்தேன் என்று அவர் வாயால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இதை நம்பினேன்.

ஒரு நாள் கடும் மழை. என் காரின் பின்விளக்கு வேலை முடிந்திருந்தது. நான் பின்னால் போய் நின்றேன். அவர் இருக்கையிலிருந்து தலையை நீட்டிச் சடக்கின் இரு பக்கமும் பார்த்தார். ஓர் ஆள்கூட இல்லை. மழை நிற்கட்டும் என்பார் என்று காத்திருந்தேன். சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது.

“என்ன தெரியுது?”

“செவப்பு. ரெண்டு. இடது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கு, அண்ணே.”

அவர் இறங்கி, மழையில் நனைந்தபடி பின்னால் வந்து, என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“ஆமா, மங்கல்தான்,” என்று சொல்லிவிட்டு, திருப்புளி எடுக்கப் போனார்.